கர்சர் எங்கே நிற்கிறது என்று டெர்மினலையே கேளுங்கள்: சீரியல் இணைப்பில் எஸ்கேப் சீக்வென்ஸ்களைப் பைத்தான் கொண்டு சோதிக்க முழுமையான வழிகாட்டி

குளச்சல் பக்கம் ஓர் ஐஸ் பிளான்ட். அங்கே உள்ள கட்டுப்பாட்டு போர்டின் புரோகிராம் நான் எழுதியது. உப்புத்தண்ணீர்த் தொட்டியின் வெப்பநிலையையும் கம்ப்ரஸரின் நிலையையும் சீரியல் கேபிள் வழியாக ஒரு பழைய டெர்மினலுக்கு அது அனுப்பிக்கொண்டிருந்தது. பல வருஷம் ஓடிய டெர்மினல் செத்துப்போக, அந்த இடத்தில் புதிதாக ஒரு எல்சிடி டெர்மினலை மாட்டினோம். இரண்டு வாரம் கழித்து ஆபரேட்டர் போன் செய்தார்.

“தம்பி, டிகிரி இருக்க வேண்டிய எடத்துல இல்ல பாத்துக்க. ஒரு வரி கீழ எறங்கிக் கெடக்கு.”

“எப்பவுமா அண்ணே?”

“எப்பவும் இல்ல. ராத்திரி சில நேரம். காலம்பற பாத்தா சரியாயிருக்கும்.”

நாகர்கோவில் வடசேரியில் என் வேலை அறையில் அதே போர்டை லேப்டாப்பில் மாட்டி மணிக்கணக்காகப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே தெரிந்தது. திரையைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் வழக்கத்தை அன்றோடு விட்டேன். கர்சர் எந்த வரியில், எந்த இடத்தில் நிற்கிறது என்பதை டெர்மினலே சொல்லும். நாம் கேட்க வேண்டும், அது சொன்னதை எதிர்பார்த்த விடையோடு பைட் பைட்டாக ஒப்பிட வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வேலைதான்.

இதில் எல்லாச் சீக்வென்ஸையும் பதின்ம எண்களாகவே எழுதுகிறேன். கம்பியில் போவது எண்கள்தான். பைத்தானின் பைட்ஸ் வகையிடம் இந்த எண்களை ஒரு பட்டியலாகக் கொடுத்தால் அப்படியே எடுத்துக்கொள்ளும்.

எஸ்கேப் சீக்வென்ஸ், சுருக்கமாக

எண் 27 எஸ்கேப். அதை அடுத்து 91, அதாவது திறக்கும் சதுர அடைப்பு, வந்தால் “இனி வருவது எழுத்து அல்ல, கட்டளை” என்று டெர்மினல் புரிந்துகொள்ளும். பிறகு எண்கள், நடுவே பிரிக்க 59, கடைசியில் கட்டளையின் பெயராக ஓர் எழுத்து. 27 91 50 74 வந்தால் திரை முழுவதும் அழியும். 27 91 72 வந்தால் கர்சர் மேல் இடது மூலைக்குப் போகும். இந்த இலக்கணம் 1976இல் ஈசிஎம்ஏ-48 என்ற தரமாக வெளிவந்தது. 1978இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 என்ற டெர்மினல் அதைப் பரவலாக்கியது. இன்று உங்கள் லினக்ஸ் ஜன்னலில் ஓடும் டெர்மினலும் 24 வரி, 80 இடம் என்ற அந்த விடி100இன் வழக்கத்தைத்தான் தொடர்கிறது.

மேஜையில் முதலில் சரிபார்க்க வேண்டியவை

யுஎஸ்பி-சீரியல் அடாப்டர் ஒன்று வேண்டும். எஃப்டிடிஐ, சிஎச்340, சிபி2102, பிஎல்2303 என்று எந்தச் சிப் உள்ளதாக இருந்தாலும் இந்த வேலைக்குப் போதும். ஆனால் அது ஆர்எஸ்-232 அடாப்டரா, சிப்பின் மின்னழுத்தத்திலேயே பேசும் டிடிஎல் அடாப்டரா என்பதை வாங்கும்போதே பாருங்கள். ஆர்எஸ்-232 கம்பியில் மின்னழுத்தம் பிளஸ் மைனஸ் இரு பக்கமும் 15 வோல்ட் வரை ஆடலாம். அதை 3.3 வோல்ட் போர்டின் காலில் நேராகக் கொடுத்தால் சிப் போய்விடும். நடுவே மின்னழுத்தத்தை மாற்றித் தரும் மேக்ஸ்3232 வகைச் சிப் வேண்டும்.

ஒன்பது பின் கனெக்டரில் கணினிப் பக்கம் 2 வாங்குவது, 3 அனுப்புவது, 5 கிரவுண்ட். இரண்டு பக்கமும் கணினி வகைக் கனெக்டராக இருந்தால் 2ஐயும் 3ஐயும் குறுக்காகப் போட வேண்டும். டெர்மினல்கள் பெரும்பாலும் கணினி வகைதான், அதனால் குறுக்குக் கேபிள் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சங்கதி உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு, கடற்காற்றும் உண்டு. குளச்சல், சின்னமுட்டம், தேங்காப்பட்டணம் ஓரத்தில் உள்ள எந்தப் பேனலைத் திறந்தாலும் கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ஒரு பைட் வரும், ஒரு பைட் வராது. எஸ்கேப் சீக்வென்ஸில் முதல் 27 விழுந்துபோனால் மிச்சம் உள்ளது வெறும் எழுத்தாகத் திரையில் கொட்டும். “[2ஜே” மாதிரி ஏதாவது திரையில் கண்டால் புரோகிராமைக் குறை சொல்வதற்கு முன் கனெக்டரைக் கழற்றித் துடையுங்கள்.

துடைத்த பிறகு கேபிளின் அந்தப் பக்க முனையில் 2ஐயும் 3ஐயும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, 0 முதல் 255 வரை எல்லா எண்களையும் அனுப்புங்கள். 256 பைட்டும் அதே வரிசையில் திரும்பி வர வேண்டும். 17ம் 19ம் மட்டும் காணாமல் போனால் மென்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு, அதாவது 19 வந்தால் நிறுத்தி 17 வந்தால் தொடரும் முறை, எங்கோ இயங்குகிறது. 127க்கு மேற்பட்டவை மட்டும் கெட்டுவந்தால் 7 பிட் அமைப்பு எங்கோ ஒளிந்திருக்கிறது. இந்த ஒரு சோதனையே பாதி நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கையில் வன்பொருள் இல்லாவிட்டால்

லினக்ஸில் சோகேட் என்ற சிறு கருவி உண்டு. இரண்டு போலி டெர்மினல் போர்ட்களை உருவாக்கி ஒன்றோடொன்று கோக்கச் சொன்னால் கோத்துக் கொடுக்கும். இரண்டையும் ரா நிலையிலும், அதாவது பைட்களை மாற்றாமல் கடத்தும் நிலையிலும், எக்கோ இல்லாமலும் கேட்டு வாங்குங்கள். ஒரு முனையைப் பைகோகாம் என்ற சீரியல் புரோகிராம் கொண்டு, எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் ஜன்னலில் திறங்கள், மறு முனையை உங்கள் ஸ்கிரிப்ட் திறக்கட்டும். ஸ்கிரிப்ட் அனுப்புவது எக்ஸ்டெர்முக்குப் போகும், எக்ஸ்டெர்மின் பதில் ஸ்கிரிப்ட்டுக்கு வரும்.

இங்கே பைகோகாமைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது பைட்களைத் தொடாமல் அப்படியே கடத்தும். மினிகாம், ஸ்கிரீன் இரண்டும் சீக்வென்ஸைத் தாங்களே படித்து, புரிந்துகொண்டு, வேறு வடிவில் திரைக்கு அனுப்புபவை. அவற்றை வைத்துச் சோதித்தால் எக்ஸ்டெர்முக்குப் பதிலாக மினிகாமைச் சோதித்ததாக ஆகிவிடும்.

பைத்தான் பக்கம்

பிப் வழியாக நிறுவ வேண்டிய தொகுப்பின் பெயர் பைசீரியல். ஸ்கிரிப்ட்டில் இம்போர்ட் செய்யும்போதோ பெயர் சீரியல் மட்டும். சீரியல் என்ற பெயரிலேயே சம்பந்தமில்லாத வேறொரு தொகுப்பும் உண்டு, அதை நிறுவிவிட்டு “போர்ட்டே திறக்கவில்லை” என்று என்னிடம் வந்தவர்கள் பலர். உங்கள் ஸ்கிரிப்ட் கோப்புக்கும் சீரியல் என்று பெயர் வைக்காதீர்கள். பைத்தான் நூலகத்தை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே இம்போர்ட் செய்யும்.

உபுண்டு, டெபியன் கணினிகளில் போர்ட்டைத் திறக்க உங்கள் பயனர் டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும். சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால்தான் செல்லும். சில கணினிகளில் மோடம்மேனேஜர் என்ற சேவை, புதிதாகச் செருகிய அடாப்டரை மோடமோ என்று பார்க்க 65 84 எனத் தொடங்கும் கட்டளைகளைத் தானாக அனுப்பும். உங்கள் டெர்மினலில் யாரும் அனுப்பாத எழுத்துகள் தோன்றினால் அந்தச் சேவையை நிறுத்திப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை போன்ற போர்டுகளில் அதே சீரியல் போர்ட்டில் லாகின் கன்சோல் ஓடிக்கொண்டிருக்கலாம். அது நடந்தால் டெர்மினலின் பதிலில் பாதியை லாகின் தின்றுவிடும்.

போர்ட்டைத் திறக்கும்போது நான்கைத் தெளிவாகச் சொல்லுங்கள்: போர்ட்டின் பெயர், வேகம், டைம்அவுட், ஓட்டக் கட்டுப்பாடு. 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்பது பைசீரியல் தானாக எடுத்துக்கொள்வது. டைம்அவுட்டைச் சொல்லாமல் விட்டால் பதில் வராதபோது ஸ்கிரிப்ட் விடிய விடியக் காத்துக்கொண்டிருக்கும். நான் 1 விநாடி வைப்பேன். போர்ட்டைத் திறந்ததும், ‘கணினி தயார்’ என்று சொல்லும் டிடிஆர் கம்பி நிலை மாறும். ஆர்டுயினோ யூனோ போன்றவை அதை ரீசெட் என்று எடுத்துக்கொண்டு மறுபடி பூட் ஆகும். 2 விநாடி விட்டு, வந்து குவிந்ததைக் காலி செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

பைத்தான் 3இல் செயற்கூறுகளுக்கும் மாறிகளுக்கும் தமிழில் பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. என் சோதனைக் கோப்பில் ‘அனுப்பு’, ‘கேள்’, ‘எங்கே’ என்று மூன்று செயற்கூறுகள் இருக்கின்றன. கீழே அந்தப் பெயர்களாலேயே சொல்கிறேன்.

முதல் கேள்வி: உயிரோடு இருக்கிறாயா?

‘அனுப்பு’ ஓர் எண் பட்டியலை வாங்கி, பைட்ஸாக மாற்றி, போர்ட்டில் எழுதி, ஃப்ளஷ் செய்யும். அவ்வளவே. இதில் ஸ்ட்ரிங் எதையும் நுழைய விடாதீர்கள். ஸ்ட்ரிங் வந்தால் அதை எந்த என்கோடிங்கில் மாற்றுவது என்ற கேள்வியும் கூடவே வரும், சோதனைக்கு நடுவே அது வேண்டாத தலைவலி.

அதை வைத்து இதை அனுப்புங்கள்:

27 91 53 110

“உன் நிலை என்ன” என்ற கேள்வி இது. நலமாக உள்ள டெர்மினல் சொல்லும் பதில்:

27 91 48 110

‘கேள்’ செய்ய வேண்டியது மூன்று. முதலில் உள்வரும் பஃபரைக் காலி செய்ய வேண்டும், பழைய பதில் ஏதும் கிடந்தால் புதிய கேள்விக்கு அதை விடையாக எடுத்துக்கொள்வோம். பிறகு கேள்வியை அனுப்ப வேண்டும். பிறகு பதிலின் கடைசி எழுத்து வரும்வரை படிக்க வேண்டும், அதற்குப் பைசீரியலில் ரீட் அன்டில் இருக்கிறது. நிறுத்தும் எழுத்து எது என்று நீங்கள் சொல்லாவிட்டால் அது புதுவரிக் குறியான 10க்காகக் காத்திருக்கும். டெர்மினல் பதிலில் 10 வரவே வராது. இந்தக் கேள்விக்கு நிறுத்தும் எழுத்து 110.

டைம்அவுட் ஆனால் ‘கேள்’ வெறும் காலிப் பட்டியலைத் தரக்கூடாது. அதுவரை வந்த பைட்களை அப்படியே காட்டிப் பிழை எழுப்பட்டும். “ஒன்றுமே வரவில்லை” என்பதும் “27 91 வரை வந்து நின்றுவிட்டது” என்பதும் வேறு வேறு நோய்கள். முதலாவது கேபிள் கோளாறு, இரண்டாவது வேகம் அல்லது ஓட்டக் கட்டுப்பாட்டுக் கோளாறு.

இரண்டாம் கேள்வி: எங்கே நிற்கிறாய்?

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான்.

27 91 54 110

பதிலாக 27 91, வரி எண், 59, இட எண், கடைசியில் 82. மேல் இடது மூலையில் நின்றால் 27 91 49 59 49 82. 49 என்பது 1 என்ற இலக்கத்தின் பைட் எண், மதிப்பு 49 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘எங்கே’ இந்தப் பதிலை 82 வரை படித்து, முதல் இரண்டு பைட்டும் 27, 91தானா என்று பார்த்து, நடுவே உள்ளதை 59இல் பிரித்து, வரியும் இடமும் கொண்ட ஒரு ஜோடியாகத் தரும்.

இந்தக் கேள்விக்கு இன்னொரு பயனும் உண்டு. டெர்மினல் தனக்கு வந்ததை வரிசையாகத்தான் படிக்கும். எனவே ‘எங்கே’யின் பதில் வந்துவிட்டது என்றால், அதற்கு முன் அனுப்பிய எல்லாவற்றையும் டெர்மினல் படித்து முடித்துவிட்டது. ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் அரை விநாடி ஸ்லீப் போடும் பழக்கத்தை இதோடு விட்டுவிடலாம். காத்திருப்பு எத்தனை என்று ஊகிக்க வேண்டியதில்லை. 9600 வேகத்தில் ஒரு விநாடிக்கு 960 எழுத்துகள் போகும், 1920 எழுத்துகள் கொண்ட முழுத் திரைக்கு 2 விநாடி ஆகும். அரை விநாடி ஸ்லீப் அங்கே போதாது, ஒரே எழுத்து அனுப்பிய இடத்தில் வீண்.

திரையின் அளவையும் இதை வைத்தே கண்டுபிடிக்கலாம். சீரியல் கம்பியில் ஜன்னலின் அளவைச் சொல்லும் வழி தனியாக இல்லை. கர்சரை 999ஆம் வரி, 999ஆம் இடத்துக்குப் போகச் சொல்லுங்கள்:

27 91 57 57 57 59 57 57 57 72

டெர்மினல் தன் எல்லைக்குள் கடைசி மூலையில் நின்றுவிடும். பிறகு ‘எங்கே’ என்றால் 24, 80 என்று வரும். என் கோப்பில் முதலில் ஓடுவது இதுதான், மற்ற சோதனைகளெல்லாம் இந்த எண்களை நம்பியே எழுதப்பட்டவை.

சோதனைகளை எழுதுவது

ஒவ்வொரு சோதனைக்கும் வடிவம் ஒன்றுதான்: ரீசெட், தொடக்க இடத்துக்குப் போதல், சோதிக்கும் பைட்கள், ‘எங்கே’, ஒப்பீடு. முழு ரீசெட்டுக்கு 27 99. சில கருவிகளில் இது திரையை மின்னவைத்து ஒரு விநாடி எடுக்கும். விடி100க்குப் பின் வந்த விடி220 வகை ஆனால் 27 91 33 112 என்ற மென் ரீசெட் இருக்கிறது. ஆனால் மென் ரீசெட் திரையை அழிக்காது. பைத்தானின் சோதனைக் கருவியான பைடெஸ்ட் பழகியவர்கள் இந்த ஐந்தையும் ஒரு பாராமீட்டர் பட்டியலாக வைத்துவிடலாம், புதிய சோதனை என்பது பட்டியலில் ஒரு வரி.

எளியவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1, 1இல் நின்று 27 91 53 65 அனுப்பி 5 வரி மேலே ஏறச் சொன்னால் 1, 1இலேயே நிற்க வேண்டும். 5, 5இல் நின்று 27 91 48 67 அனுப்பினால் 5, 6க்கு வர வேண்டும், வலப்பக்கம் 0 இடம் என்பதை 1 என்றே எடுக்க வேண்டும் என்பது விதி. 27 55 கொண்டு இடத்தைச் சேமித்து, வேறெங்கோ போய், 27 56 கொண்டு திரும்பினால் பழைய இடம் வர வேண்டும்.

கருவிகள் தடுக்கி விழுவது சீக்வென்ஸின் நடுவே ஏதாவது குறுக்கிடும்போதுதான். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. 5, 5இல் நின்று அனுப்புங்கள்:

27 91 51 8 67

“வலப்பக்கம் 3 இடம் போ” என்ற கட்டளையின் நடுவே 8, அதாவது பேக்ஸ்பேஸ். விடி100இன் முறைப்படி நடுவே வந்த பேக்ஸ்பேஸ் உடனே நிறைவேறும், கட்டளையும் முறியாமல் தொடரும். எனவே 4க்குப் பின்வாங்கி, அங்கிருந்து 3 போய், 7இல் நிற்க வேண்டும். 8 வந்தால் பேக்ஸ்பேஸைத் தூக்கி எறிந்துவிட்டது. 5 வந்தால் கட்டளையை முறித்துவிட்டு 67ஐ எழுத்தாக அச்சடித்துவிட்டது. ஒரே எண்ணில் எந்தப் பிழை என்பதே தெரிந்துவிடுகிறது. சோதனைக்கான எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது இப்படி ஒவ்வொரு பிழைக்கும் வெவ்வேறு விடை வருமாறு பாருங்கள். அந்த 51ஐ விட்டுவிட்டு எழுதியிருந்தால் சரியான விடையும் 5, முறித்துவிட்ட விடையும் 5 என்றாகியிருக்கும்.

24 என்ற எண் கட்டளையை ரத்து செய்யும். 5, 5இல் நின்று 27 91 49 48 24 72 அனுப்பினால் கர்சர் 10ஆம் வரிக்குத் தாவக்கூடாது. 72 வெறும் எழுத்தாகத் திரையில் விழ, 5, 6 வரும். மூல விடி100 ரத்தானதைக் காட்ட ஒரு பிழைக்குறியையும் அச்சடிக்கும், அப்போது 5, 7. இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள், எது வந்தது என்று மட்டும் பதிவில் எழுதுங்கள்.

துண்டு துண்டாக அனுப்பும் சோதனையையும் விடாதீர்கள். 27ஐ அனுப்பி அரை விநாடி, 91ஐ அனுப்பி அரை விநாடி என்று ஒரு சீக்வென்ஸை இழுத்து இழுத்து அனுப்புங்கள். டெர்மினல் எத்தனை நேரமானாலும் மிச்சத்துக்காகக் காத்திருக்க வேண்டும். எதிர்த்திசையில், அதாவது விசைப்பலகையிலிருந்து போர்டுக்கு வரும்போது, கதை வேறு. அங்கே தனி எஸ்கேப் விசையும் 27தான், மேல் அம்புக்குறியின் 27 91 65இன் தொடக்கமும் 27தான். இரண்டையும் பிரிக்க நேரத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. போர்டு 5 மில்லிவிநாடிதான் காத்திருக்கும் என்று எழுதியிருந்தால், பைட்களைச் சேர்த்துவைத்து 16 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கொடுக்கும் எஃப்டிடிஐ அடாப்டரின் இயல்பிலேயே அம்புக்குறி இரண்டாக உடையும். நான் 50க்குக் குறைத்து வைப்பதில்லை. அம்புக்குறியே பயன்பாட்டு நிலையில் 27 79 65 என்று மாறும் என்பதையும் போர்டின் சோதனையில் சேருங்கள்.

கர்சர் சொல்லாத விஷயங்களும் உண்டு. நிறம், தடித்த எழுத்து, எது அழிந்தது எது அழியவில்லை என்பதையெல்லாம் ‘எங்கே’யிடம் கேட்க முடியாது. விடி420 வகையில் திரையின் ஒரு செவ்வகப் பகுதியில் உள்ள எழுத்துகளுக்கு செக்சம், அதாவது சரிபார்ப்புக் கூட்டுத்தொகை, கேட்கும் வசதி உண்டு, மலிவான எல்சிடி டெர்மினல்களில் அதை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே 27 35 56 அனுப்பித் திரை முழுவதும் ஆங்கில ஈ எழுத்தால் நிரப்பி, ஒரு பகுதியை அழிக்கச் சொல்லி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். முழுமையாகச் சோதிக்க நினைப்பவர்களுக்கு விடிடெஸ்ட் என்ற பழைய புரோகிராம் இருக்கிறது. பேர் லிண்ட்பெர்க் எழுதத் தொடங்கியதை இன்று தாமஸ் டிக்கி பராமரிக்கிறார். அது மனிதக் கண்ணுக்காக எழுதியது. அதன் திரைகளைப் பார்த்து நீங்கள் என்னென்ன சோதிக்கலாம் என்று பட்டியல் எடுத்துக்கொள்ளலாம்.

தமிழை அனுப்பிப் பாருங்கள்

இந்தப் பகுதிக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம். நம் ஊரில் கருவிகளின் திரையில் தமிழ் வர வேண்டும் என்று கேட்பவர்கள் கூடிவருகிறார்கள், கேட்பதும் நியாயம்தான். ஆனால் யுனிகோட் எழுத்துகளைப் பைட்களாக மாற்றும் யுடிஎஃப்-8 முறை தெரியாத, 8 பிட் கட்டுப்பாட்டுக் குறிகளை ஏற்கும் ஒரு டெர்மினலுக்குத் தமிழை அனுப்பினால் வெறும் குப்பை எழுத்து வருவதோடு நிற்காது. திரையே ஆட்டம் காணும்.

காரணம் இதோ. தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8இல் 3 பைட். முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது 128க்கும் 191க்கும் இடையே ஏதோ ஒன்று. விடி220 வகை டெர்மினலுக்கு 128 முதல் 159 வரை உள்ளவை கட்டுப்பாட்டுக் குறிகள். இப்போது நம் எழுத்துகளைப் பாருங்கள். அகரத்தின் மூன்றாம் பைட் 133, அது “அடுத்த வரிக்குப் போ”. புள்ளியின் மூன்றாம் பைட் 141, அது “ஒரு வரி மேலே ஏறு”. அதாவது ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் கர்சர் ஒரு வரி மேலே ஏறும். டகரத்தின் மூன்றாம் பைட் 159. அது ஒரு மறைவுச் சரத்தின் தொடக்கம், அதற்குப் பின் வருவதையெல்லாம் டெர்மினல் காட்டாமல் விழுங்கிக்கொண்டே இருக்கும். விழுங்குவதை முடிக்கும் குறி 156. தமிழில் அது ஜகரத்தின் மூன்றாம் பைட்! “வீடு” என்று அனுப்பினால் அதற்குப் பின் திரை ஊமையாகிவிட்டதைப் போல் இருக்கும், எங்காவது ஒரு ஜகரம் வந்தால் மறுபடி பேசும்.

இதைச் சோதிக்க எங்கள் ஊர்ப் பெயரே போதும். கர்சரை 10ஆம் வரி, 1ஆம் இடத்தில் வையுங்கள்: 27 91 49 48 59 49 72. “நாகர்கோவில்” என்பதை யுடிஎஃப்-8இல் அனுப்புங்கள். 6 எழுத்து, யுனிகோடில் 11 குறி, கம்பியில் 33 பைட். பிறகு ‘எங்கே’.

10, 7 வந்தால் டெர்மினல் 6 எழுத்துக்கு 6 இடம் ஒதுக்கியிருக்கிறது. 10, 10 வந்தால் புள்ளிக்கு மட்டும் இடம் கொடுக்காமல், காலுக்கும் கொம்புக்கும் கொக்கிக்கும் தனி இடம் கொடுத்திருக்கிறது. டெர்மினல்களுக்குள் இந்த விஷயத்தில் ஒற்றுமை இல்லை, உங்கள் போர்டு எந்தக் கணக்கில் அட்டவணை வரைகிறதோ அதே கணக்கில் டெர்மினலும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வலப்பக்கக் கோடுகள் கோணலாகும். 8, 29 வந்தால்? இரண்டு புள்ளிக்கு இரண்டு வரி மேலே ஏறியிருக்கிறது, 33 பைட்டில் 28ஐ லத்தீன் எழுத்தாக அச்சடித்திருக்கிறது. அந்தக் கருவிக்கு யுடிஎஃப்-8 தெரியாது, அதில் தமிழை முயலவே வேண்டாம். ஒரே ஊர்ப் பெயர், மூன்று விடை, மூன்று முடிவு.

ஓடுகிற இயந்திரத்தில் சோதிக்கும்போது

டெர்மினலின் பதில், விசைப்பலகையில் தட்டியது போலவே கம்பியில் திரும்பி வருகிறது. ஸ்கிரிப்ட் பாதியில் நின்று, போர்டு மறுபடி கேபிளில் வந்துவிட்டால், தாமதமாக வரும் பதிலைப் போர்டு ஆபரேட்டரின் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். எண்களும் பெரிய ஆர் எழுத்தும் அந்த மெனுவில் எதையாவது இயக்குமா என்று முதலில் பாருங்கள். ஐஸ் பிளான்ட்டிலோ, முப்பந்தல் பக்கம் ஒரு காற்றாலைப் பேனலிலோ டெர்மினலைச் சோதிக்கும்போது போர்டின் கேபிளை முழுவதும் கழற்றிவிட்டு, லேப்டாப்பை மட்டும் டெர்மினலில் மாட்டுகிறேன். ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் கடைசியில் பஃபரைக் காலி செய்து போர்ட்டை மூட ஃபைனலி பகுதி ஒன்று எழுதிவையுங்கள்.

போன பைட், வந்த பைட் எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள், எண்களாகவே. 19, 17 தலைகாட்டினால் டெர்மினல் வேகம் தாங்காமல் “நிறுத்து, தொடர்” என்கிறது. பைசீரியலில் எக்ஸ்ஆன் எக்ஸ்ஆஃப் அமைப்பை இயக்கினால் ஓட்டம் சரியாகும், ஆனால் பதிவில் அந்த இரண்டு எண்ணும் இனித் தெரியாது. அதனால் முதலில் அணைத்து வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு இயக்குகிறேன்.

குளச்சலில் கிடைத்த விடை

போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, புதிய எல்சிடி டெர்மினலில் லேப்டாப்பை மாட்டினேன். சோதனைகள் ஒவ்வொன்றாகத் தேறின, ஒன்றைத் தவிர. 3ஆம் வரி, 1ஆம் இடத்திலிருந்து சரியாக 80 எழுத்து அனுப்பி ‘எங்கே’ என்று கேட்கும் சோதனை அது. விடி100 80ஆம் எழுத்தை எழுதிய பின்னும் 80ஆம் இடத்திலேயே நிற்கும், அடுத்த எழுத்து வந்தால்தான் கீழ்வரிக்கு இறங்கும். பதில் 27 91 51 59 56 48 82 என்று வர வேண்டும். வந்தது 27 91 52 59 49 82. 4ஆம் வரி, 1ஆம் இடம். எழுதிய உடனேயே கீழே இறங்கிவிடுகிறது.

கம்ப்ரஸர், பம்ப், தொட்டி மூன்றின் எச்சரிக்கையும் சேர்ந்து வரும்போது மட்டும் என் நிலைவரி சரியாக 80 எழுத்தைத் தொடும். ராத்திரி மின்னழுத்தம் ஆடும்போதுதான் அந்த மூன்றும் ஒன்றாக வந்திருக்கின்றன. டெர்மினல் ஒருமுறை இறங்கும், போர்டு அனுப்பும் 13 10 இன்னொருமுறை இறக்கும், டிகிரி ஒரு வரி கீழே போய்விடும். வடசேரி அறையில் நான் எந்த எச்சரிக்கையையும் கிளப்பிப் பார்க்கவே இல்லை.

போர்டின் புரோகிராமில் நிலைவரிக்கு முன் வரிமடிப்பை நிறுத்தும் 27 91 63 55 108ஐயும், முடிந்ததும் அதைத் திரும்ப இயக்கும் 27 91 63 55 104ஐயும் சேர்த்தேன். டெர்மினலில் அதே சோதனையை அந்தப் பைட்களோடு மறுபடி ஓட்டினேன். 27 91 51 59 56 48 82. பிறகு போர்டை மாட்டி மூன்று எச்சரிக்கையையும் கையால் கிளப்பினோம். ஆபரேட்டர் அண்ணன் திரைக்கு முன் நின்று 4ஆம் வரியை விரலால் தொட்டுக் காட்டினார். மைனஸ் 9, அதன் இடத்தில்.